நடுவிலே நில்

இந்த வாரத் தொடக்கத்தில் என் தமக்கை மகன், அக்னிவீர் என்ற புதுப் பெயரோடு ராணுவத்துக்குப் புறப்பட்டுப் போனான். கும்பகோணத்தில் பிற்பகல் ஜன சதாப்தியில் ஏறித் திருச்சிக்குச் சென்று, ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் ஆஜராகி, அங்கிருந்து தன்னையொத்த பையன்களோடு நீலகிரி மலைமீது வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி நிலையத்தை அடைந்து, ரங்ரூட் என்னும் புது ஆளாகக் கடைசிப் படியில் கால் வைப்பது அவனுக்கு விதிக்கப்பட்ட பிரயாணம். அவன் போய்விட்டான், அவனுக்கென்று எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து குவிந்த உபதேசங்கள்தாம் போகவில்லை. டிரங்குப் பெட்டியில் அவற்றுக்கு இடமில்லை; தலையிலோ, தெய்வாதீனமாக, அவன் எதையும் ஏற்றிக்கொள்ளவில்லை. ஆகவே அவ்வளவும் என்னிடமே தங்கிவிட்டன. பட்டாளத்தில் சேரும் வயதைக் கடந்து எத்தனையோ காலமாகிவிட்ட நான், இன்று காலை பல் துலக்கும்போது, "முதல் நாள் எதற்கும் கை தூக்காதே" என்று கண்ணாடியில் தெரிந்த ஆசாமிக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, என் மனைவி ஸ்டவ்வை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

ஊரை விட்டுப் புறப்படுகிறவன் ஒருவனைக் கண்டதும் நமக்கு உண்டாகும் பரபரப்பைப் பற்றி வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. எனக்கும் அது உண்டானது. அவனிடம் சொல்ல என்னிடம் ஒரு யோசனை இருந்தது, ஒன்றே ஒன்று. அந்த ஒன்றுதான் மெய்யாகப் பிரயோஜனமுள்ளது என்பதும், மற்றவர்கள் கூறியவை அனைத்தும் காற்றோடு போக வேண்டியவை என்பதும் என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம். ராணுவத்துக்குப் போகவிருக்கும் ஏனைய இளைஞர்களின் க்ஷேமத்தை உத்தேசித்து, அந்த யோசனையை இக்கட்டுரையின் முடிவில் வெளியிடுவதாக இருக்கிறேன்.

மற்ற உபதேசிகளை விரைவில் முடித்துவிடுகிறேன். மேலண்டை வீட்டுப் பெரியம்மாள், வெலிங்டன் சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்ட நாள் முதலாக ஒரு குரங்குக் குல்லாயைப் பின்னிக்கொண்டிருந்து, அதைப் பையன் அணிவகுப்பின்போதும் கழற்றலாகாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அடுத்த தெருக்காரர் ஒருவர், தமக்குக் கல்யாணமான புதிதில் ஊட்டி ரயிலில் போனபோது வெலிங்டன் ஸ்டேஷனில் சிப்பாய் ஒருவரைப் பார்த்தவர். அந்தச் சிப்பாய் மீசை வைத்திருந்தாராகையால் மீசை வளர்ப்பதே முன்னேற்றத்துக்கு வழி என்றார். தலைமுடியை இங்கேயே ஒட்ட வெட்டிக்கொண்டு போனால் அதிகாரிகளுக்கு நல்லெண்ணம் உண்டாகும் என்று ஒருவரும், எப்படியும் முதல் நாளே அங்கே சிரைத்து விடுவார்களாகையால் இங்கே வெட்டுவது தண்டச் செலவு என்று இன்னொருவரும், பையனின் தலையை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதைக் கழித்தார்கள். நாகபுரியில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர் ஹிந்தி கற்பித்தார். அவர் கற்பித்த ஹிந்தி, கத்தரிக்காய் பேரம் பேசுவதற்குப் போதுமானது. "சாவ்தான்", "விஷ்ராம்" என்ற இரண்டு பரேடுச் சொற்கள் மாத்திரம் அதில் அகப்படவில்லை. சுவாமிமலைக்குப் போய் வந்தவர் விபூதி கொடுத்தார். தேவர்களின் சேனாபதியிடமிருந்து வரும் சிபாரிசு ஆகையால் அதை நான் ஆட்சேபிக்கவில்லை. ராணுவ கேன்டீனில் எந்தச் சரக்கு என்ன விலைக்குக் கிடைக்கும், அது ரங்ரூட்டுக்கு உண்டா, உண்டென்றால் அவன் உபயோகிக்கப் போவதில்லையாதலால் அதை என்ன செய்வதாக உத்தேசம் என்று ஒருவர் மிகுந்த கூச்சத்தோடு விசாரித்தார். அவருடைய பெயரை இங்கே சொல்ல மாட்டேன்; அவர் என் சகலை.

இவ்வளவு பேரும் சென்ற ஆண்டு எங்கே இருந்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். பையன் அப்போது விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து காவிரிக் கரையோரம் ஓடிக்கொண்டிருந்தான். 1.6 கிலோமீட்டர் தூரத்தை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். பிறகு கம்பியில் தொங்கிப் பத்து முறை மோவாயைக் கம்பிக்கு மேலே கொண்டுவர வேண்டும். 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். இவற்றுக்கு முன்பே பரீட்சையும் எழுதியாக வேண்டும். கடைசியில் டாக்டர்கள் முழங்கால் முட்டுகிறதா, பாதம் தட்டையா, காதில் அழுக்கா என்று பார்ப்பார்கள். இவற்றுக்காக அவன் ஓடிய நாட்களில் இந்தத் தெருவிலிருந்து அவனுக்குக் கிடைத்த ஒரே உபதேசம், "நீ ஓடுவதால் நாய்கள் குரைக்கின்றன, எங்கள் தூக்கம் கெடுகிறது, அந்தத் தெருப் பக்கமாக ஓடு" என்பதே. தங்கள் புத்திரர்களைப் பெங்களூருக்கும் டல்லஸுக்கும் அனுப்பிவிட்டு, அவர்கள் அனுப்பும் புகைப்படங்களைக் காட்டிக்கொண்டிருந்த அந்த மகானுபாவர்கள், "பட்டாளமா? வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று என் தமக்கையிடம் கேட்ட தொனி இன்னும் என் காதில் இருக்கிறது. பட்டியலில் பையனின் எண் வந்த மறுநாள் அதே வாய்கள் "நம் தெருப் பிள்ளை" என்றன. வேலூர்ப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பி ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்தது. அங்கே ஒரு பையன் புறப்பட்டால் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள்.

இனி நான் சொல்லவந்த ஆசாமிக்கு வருகிறேன். எங்கள் எதிர்வீட்டுக்காரர் கணக்கு இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றவர். இவரைப் பொதுவாக நடுநிலையாளர் என்று குறிப்பிடுவேன். தினந்தோறும் மாலை ஐந்து மணிக்கு அவர் வந்து, திண்ணையில் இரண்டு தூண்களுக்கும் சமதூரத்தில் உட்கார்ந்து, காபி வந்த பிறகு, வெகு நிதானமாக ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போவார்: "தம்பி, கேட்டுக்கோ. முன்னாலேயும் நிக்காதே, பின்னாலேயும் நிக்காதே, நடுவிலே நில்." பையன், "சரிங்க மாமா" என்பான். மறுநாள் ஐந்து மணிக்கு மறுபடியும் வருவார்.

முதல் தடவை கேட்டபோது நானும் அதில் ஏதோ விவேகம் இருக்கிறது என்றே மயங்கினேன். முன்னால் நிற்கிறவன் எல்லா வேலைக்கும் அகப்படுவான், பின்னால் நிற்கிறவன் எல்லாத் தண்டனைக்கும் அகப்படுவான், நடுவில் நிற்கிறவன் எதிலும் அகப்படாமல் சம்பளம் வாங்குவான் என்பது இதன் தாத்பரியம். கேட்டுக் கேட்டு அலுத்த பிறகு, இரவில் தூக்கம் வராத வேளைகளில் இதை நான் ஆராயத் தலைப்பட்டேன். கல்லூரியில் படித்த காலத்தில் நான் தேசிய மாணவர் படையில் இருந்தவன். பரேடு முடிந்ததும் பூரி கொடுத்தார்கள் என்பதே நான் அதில் சேர்ந்ததற்குக் காரணம். ஆயினும் பூரி வரும் வரையில் நின்றுகொண்டிருக்க வேண்டியிருந்ததால், நிற்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அணி வகுக்கும்போது, பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் முதலில் என்ன செய்கிறார்? "லம்பா தாஹினே, சோட்டா பாயே" என்று ஒரு சப்தம் போடுகிறார். உடனே நெட்டையர்கள் வலக்கோடிக்கும் குட்டையர்கள் இடக்கோடிக்குமாக எல்லோரும் ஒரே வரிசையில் உயரப்படி நிற்கிறார்கள். பிறகு எண்ணச் சொல்லி, ஒற்றைப்படை எண்காரர்களை ஓரடி முன்னாலும் இரட்டைப்படைக்காரர்களை ஓரடி பின்னாலும் நகர்த்தி, ஒரு சாராரை வலப்புறமும் மற்றொரு சாராரை இடப்புறமும் திருப்பி நடத்தி மூன்று வரிசையாக்குகிறார். இந்தச் சூட்சுமமெல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், நெட்டையர்கள் இரண்டு ஓரங்களிலும், குட்டையர்கள் நடுவிலுமாக அணி அமைந்திருக்கும். அதாவது, நடு என்கிற ஸ்தானத்தை ராணுவமே குட்டையானவர்களுக்கு ஒதுக்கி வைத்துவிட்டது. என் மருமானோ நிலைப்படியில் குனிந்து வருகிறவன். அவன் நடுவில் நிற்க வேண்டுமானால் கால்களைக் கொஞ்சம் வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டிக்கொண்டாலோ, உயரம் போதாது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதை நான் நடுநிலையாளரிடம் எடுத்துச் சொன்னபோது, அவர் சிறிது யோசித்து, "அப்படியானால் நடு வரிசையில் ஓரமாக நிற்கட்டும்" என்றார்.

நடு வரிசையே ஆகட்டும். அதிகாரி பார்வையிட வரும்போது வரிசைகளைத் தள்ளித் தள்ளி நிற்கவைத்து, ஒவ்வொரு வரிசைக்கும் முன்னே நடந்து பித்தானைப் பார்த்துவிட்டு, பின்னே நடந்து பிடரியைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிசைக்குப் போகிறார். நடு வரிசையில் நிற்கிறவனுடைய பூட்ஸ் மற்ற இரண்டு வரிசைக்காரர்களுடைய பூட்ஸைவிட எவ்வகையிலும் அந்தரங்கமானதல்ல. மேலும், இந்த உபதேசம் எங்கள் திண்ணையில் மட்டும் வழங்குவது என்று நினைக்க எனக்கு ஆதாரமில்லை. வெலிங்டனுக்கு வரும் பையன்கள் தமிழ்நாட்டிலிருந்து மாத்திரமா வருகிறார்கள்? பாலக்காட்டிலிருந்து வருகிறவனுக்கும், கர்நூலிலிருந்து வருகிறவனுக்கும், ஹாஸனிலிருந்து வருகிறவனுக்கும் எதிர்வீடு என்று ஒன்று இருக்கும். அந்த எதிர்வீட்டில் ஓய்வு பெற்றவர் ஒருவர் இருப்பார். அவரும் தம் பாஷையில் இதையே சொல்லியிருப்பார். அத்தனை பையன்களும் பெரியவர்கள் சொல்லைத் தட்டாதவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதல் நாள் காலை, பனியில், உஸ்தாத் விசில் ஊதுகிறார். முன் வரிசை காலி. பின் வரிசை காலி. நடுவில் மட்டும் தென்னிந்தியா முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு நிற்கிறது. நடுவுக்குள்ளேயும் ஒரு முன்பக்கம் உண்டல்லவா? அங்கே அகப்பட்டுக்கொண்டவன் தன் எதிர்வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு இன்னும் உள்ளே நுழைகிறான். அவனுக்கு உள்ளே இருப்பவன் தானும் நடுவுக்கு நடுவைத் தேடுகிறான். நடுவின் நடுவை அடைந்த பாக்கியசாலி மூச்சுவிட முடியாமல் தவிக்கிறான். 1758-இல் தோன்றி, இத்தனை யுத்தங்களில் பேர் வாங்கிய ஒரு ரெஜிமெண்ட், "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று முழங்கிக்கொண்டு முன்னேற வேண்டிய ரெஜிமெண்ட், யார் முதலில் முன்னேறுவது என்பது தீர்மானமாகாமல் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது. எதிரி வந்து பார்த்துவிட்டு, கூட்டமாக இருக்கிறதே, அப்புறம் வரலாம் என்று திரும்பிப் போனால்தான் உண்டு.

நடுநிலையாளரை நான் நீண்ட காலமாகக் கவனித்து வருகிறேன். கும்பேசுவரர் கோவில் தேரோட்டத்தில் அவர் வடம் பிடிப்பதைப் பார்க்க வேண்டும். வடத்தின் முனையில் நிற்கமாட்டார், அங்கே இழுக்க வேண்டும். தேர்ச் சக்கரத்தின் அருகிலும் போகமாட்டார், அங்கே முட்டுக்கட்டை போட வேண்டும். வடத்தின் மத்தியில், முன்னிருப்பவர்கள் இழுத்துச் செல்லும் கயிற்றின்மேல் இரண்டு கைகளையும் பக்தியோடு வைத்துக்கொண்டு, தேரால் தாம் இழுக்கப்பட்டுக்கொண்டே நான்கு வீதியும் சுற்றி வந்து, நிலையடியில், "அப்பாடா, இந்த வருஷம் கனம் ஜாஸ்தி" என்று நெற்றியைத் துடைத்துக்கொள்வார். இப்படித்தான் தம் இலாகாவிலும் அவர் உத்தியோகம் பார்த்து, உரிய காலத்தில் உரிய பிரமோஷன்களைப் பெற்று ஓய்வடைந்தார் என்பது என் அனுமானம். அது அவருடைய சொந்த விஷயம். ஆனால் கல்யாண வீட்டில் இலை போட்டுவிட்டார்கள் என்ற செய்தி கிடைத்ததும், இந்த மனிதர் நடுவில் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. பாயசம் எந்தக் கோடியிலிருந்து வரும் என்பதை நொடியில் ஊகித்து, அந்தக் கோடியின் முதல் இலையில் அவர் அமர்ந்திருப்பார்.

இதை ஒரு நாள் ஜாடையாகச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே" என்றார். அருகிலிருந்த தமிழாசிரியர் சும்மா இருந்திருக்கலாம். "அது வலது கையைப் பற்றிய பழமொழியாயிற்றே! சாப்பிடும்போது வலது கை முன்னே போகிறது, வில்லை வளைத்து நாணை இழுக்கும்போது பின்னே போகிறது" என்று அவர் தொடங்க, வில்லை விட்டுத் துப்பாக்கி வந்துவிட்ட இந்தக் காலத்தில் வலது கை எங்கே இருக்கும் என்று ஒரு கேள்வி பிறக்க, இடது கை முன்னே தாங்க வலது கை பின்னே விசையில் இருக்கும் என்று நான் பூரியின் பலத்தில் சாட்சி சொல்ல, பழமொழி இன்றைக்கும் செல்லும் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. பட்டாளத்துக்குப் போகிற பையனிடம் இதனால் அவனுக்கு என்ன தெரியவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் கால்விரல் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தான். புது பூட்ஸ் போட்டு ஓடும்போது நகம் நீண்டிருந்தால் விரல் புண்ணாகிவிடும் என்று முன்பே அங்கே போன அவனுடைய சிநேகிதன் ஒருவன் சொல்லியிருக்கிறான். பந்திக்கும் படைக்கும் அங்கே ஒரே விசில்தான், லங்கர் என்னும் சமையற்கூடத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டும் வரிசையில்தான் நிற்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறான். இப்படிக் காரியத்துக்காகும் சமாசாரங்களெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குள்ளேயே ரகசியமாகப் பரிமாறப்படுகின்றன. பெரியவர்களுக்குத் தெரிந்தால் மாற்றிவிடுவார்கள் என்ற பயம் போலும்.

எனக்கு உண்மையாகவே ஆத்திரம் வந்தது கடைசி வாரத்தில்தான். 2022-ஆம் ஆண்டு முதற்கொண்டு பதினேழரை வயது நிரம்பிய பையன்களை அக்னிவீர் என்ற பெயரில் எடுத்து, நான்கு ஆண்டுகள் வைத்திருந்து, அவர்களில் அதிகபட்சம் நூற்றுக்கு 25 பேரை மட்டுமே நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டு, மற்றவர்களைச் சேவா நிதி என்று ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிடுவது என்று அரசாங்கம் ஏற்படுத்தியிருக்கிறது. முதல் வருஷம் மாதம் 30,000 ரூபாய், அதில் 9,000 நிதிக்குப் போகக் கையில் 21,000. முடிவில் சுமார் 11.71 லட்சம். இந்தக் கணக்கை என் தமக்கையின் காதுபடவே வட்டி போட்டுக் கூட்டி, அதற்கு எந்த நகரில் எத்தனை சதுர அடி மனை வாங்கலாம் என்பது வரையில் நடுநிலையாளர் சொல்லி முடித்திருந்தார். நான் கேட்டேன்: "ஐயா, நூறு பேரில் இருபத்தைந்து பேர்தான் நிலைக்கப்போகிறார்கள். நடுவில் நிற்கிறவனை அவர்கள் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? நீங்கள் சொல்கிறபடி இவன் ஒருவர் கண்ணிலும் படாமல் நான்கு வருஷத்தைத் தள்ளினால், இருபத்திரண்டு வயதில் கண்ணில் படாமலே திரும்பி வந்து இதே திண்ணையில் உட்கார வேண்டியதுதானே? அப்போது இவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? நீங்களா?" என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தமக்கை உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தாள். நடுநிலையாளர் காபி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அப்படிச் சொல்லுங்கள். மூன்று வருஷம் நடுவிலே நிற்கட்டும்; நாலாவது வருஷம் முன்னாலே வந்துவிடட்டும்" என்றார்.

ரயில் நிலையத்துக்கு அவ்வளவு பேரும் வந்திருந்தார்கள். ஜன சதாப்தி கும்பகோணத்தில் நிற்பது மிகச் சொற்ப நேரம். பெட்டியை ஏற்றி, பையனை ஏற்றி, அசல் சான்றிதழ்கள் உள்ள பையை அவன் மடியில் வைத்து, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் இருக்கின்றனவா என்று அவன் தகப்பனார் மூன்றாம் முறையாகக் கேட்டு முடிப்பதற்குள் பச்சை விளக்கு விழுந்துவிட்டது. நான் என்னுடைய யோசனையை இந்தக் கடைசி நிமிஷத்துக்கென்றே பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். கடைசியாகக் கேட்டதுதான் மனத்தில் தங்கும் என்பது என் சித்தாந்தம். "தம்பி, ஒன்று சொல்கிறேன்" என்று வாயைத் திறந்தேன். அது குளிர்சாதனமில்லாத பெட்டி, ஜன்னல் திறந்திருந்தது, அந்த ஜன்னலின் மத்தியில், இரண்டு கம்பிகளுக்கு இடையே, ஒரு தலை புகுந்திருந்தது. யாருடைய தலை என்று சொல்ல வேண்டியதில்லை. அது என்ன சொல்லிற்று என்றும் சொல்ல வேண்டியதில்லை. பையன், "சரிங்க மாமா" என்றான். வண்டி போய்விட்டது. ஜன்னல்களைப் பிடித்துக்கொண்டு பேசும் உரிமை, பட்டாளத்துக்குப் போகிற பையன்கள் விஷயத்திலாவது, தாய்மாமன்களுக்கு மாத்திரம் என்று ரயில்வே நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டால் நான் மகிழ்ச்சியடைவேன்.

எங்கள் பின்தெருவில் இன்னொரு பையன் கடற்படைக்குத் தேர்வாகி, அடுத்த மாதம் ஒடிசாவிலுள்ள சில்காவுக்குப் பயிற்சிக்குப் போகிறான். என்னுடைய யோசனையை அவனிடம் நேரிலேயே சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன். இங்கே அச்சில் ஏற்றினால் நடுநிலையாளர் படித்துவிட்டு நாளைக்கே அதைத் தம்முடையதாக்கிக் கொள்வார். ஆகவே வாசகர்கள் மன்னிக்க வேண்டும். நேற்று மாலை அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து, காபி குடித்துக்கொண்டு, கப்பலில் ஏறினாலும் முன்பக்கம் நிற்காதே, பின்பக்கமும் நிற்காதே, நடுவிலே நில் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கப்பலில் ஆட்டம் குறைவாக இருப்பது நடுப்பாகத்தில்தான்; அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரி.